பிரிட்டிஷ் கொலம்பியா கடலோரத்தில் சிறு படகில் சால்மன் பிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாகப் படகு வாங்கியவர்கள், வாங்கலாமா என்று யோசிப்பவர்கள், ஒரு நாள் கூட வந்துவிட்டு அந்த ஆசை விடாமல் இருப்பவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் பேசுவது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தென் கடலோரத்தைப் பற்றி: ஜார்ஜியா நீரிணை, ஹுவான் டி ஃபூகா நீரிணை, வான்கூவர் தீவின் மேற்குக் கரை. படகு என்று சொல்வது 16 முதல் 20 அடி வரையிலான, வெளியே மாட்டிய இன்ஜின் உள்ள சாதாரணப் படகை.

விதிகளைச் சொல்லும்போது சில எண்கள் வரும். அவை பொதுவான நிலை. கனடாவின் மீன்வளத் துறை (எல்லோரும் டி.எஃப்.ஓ. என்பார்கள்) பருவத்தின் நடுவிலும் விதிகளை மாற்றும். அதனால் கடலுக்குப் போகும் நாள் காலையில் அவர்கள் தளத்தையோ ஃபிஷிங்பிசி செயலியையோ ஒரு தடவை பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

சால்மன் என்றால் ஒரே மீன்தானே? ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்களே?

இந்தக் கடலில் ஐந்து வகை சால்மன் பிடிபடுகின்றன. சினூக், கோஹோ, சாக்கை, பிங்க், சம். சினூக்தான் ஐந்திலும் பெரியது. உள்ளூரில் ஸ்பிரிங் என்பார்கள், எல்லைக்குத் தெற்கே கிங் என்பார்கள். 30 பவுண்டைத் தாண்டிய சினூக்குக்கு டாயீ என்று தனிப் பட்டமே உண்டு. கோஹோ அதைவிடச் சிறியது, துள்ளல் அதிகம். சாக்கையின் சதைதான் நல்ல சிவப்பு. பிங்க் ஐந்திலும் சிறியது. சம் கடைசியாக, இலையுதிர் காலத்தில் வரும்.

எல்லாமே ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி முட்டையிட்டுச் சாகும் மீன்கள். நமக்கு இதில் முக்கியம் என்னவென்றால், ஒவ்வொரு வகைக்கும் விதி வேறு. ஒரே நாளில், ஒரே இடத்தில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம், இன்னொன்றை விட்டாக வேண்டும். எந்தத் தூண்டில் வாங்குவது என்று யோசிப்பதற்கு முன் எந்த மீன் எது என்று கற்றுக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன்.

எந்த மாதத்தில் போனால் எது கிடைக்கும்?

சினூக் ஏதாவது ஒரு வடிவில் ஆண்டு முழுக்க உண்டு. குளிர்காலத்தில் ஜார்ஜியா நீரிணையில் இருப்பவை இன்னும் முதிராத, இரை தேடித் திரியும் மீன்கள். அளவில் சிறியவை, சுவை பிரமாதம். ஆற்றுக்குத் திரும்பும் பெரிய மீன்கள் கோடையில் மேற்குக் கரையைத் தொட்டு, ஆகஸ்ட், செப்டம்பரில் ஃப்ரேசர் ஆற்று முகத்துக்கு வந்து சேரும். கோஹோவுக்கு கோடைக் கடைசியும் செப்டம்பரும். சம் அக்டோபர், நவம்பரில்.

பிங்க் மீனின் ஆயுள் சரியாக இரண்டு ஆண்டு. ஃப்ரேசர் ஆற்றில் அவை ஒற்றைப்படை ஆண்டுகளில்தான் கூட்டம் கூட்டமாக வரும். சாக்கை பெரும்பாலும் நான்காண்டுச் சுற்று. ஆடம்ஸ் ஆற்றுச் சாக்கை 2010, 2014, 2018, 2022 என்று பெருவரவாக வந்த ஆண்டுகளைப் பார்த்தால் கணக்கு புரியும். ஆனாலும் சாக்கை பிடிக்க அனுமதி கிடைப்பது அந்த ஆண்டு வரத்தைப் பொறுத்தது. மீன் இருக்கிறது என்பதால் திறப்பார்கள் என்று சொல்ல முடியாது.

தூண்டில் போட லைசென்ஸ் வேண்டுமா? பிள்ளைகளுக்கும் எடுக்க வேண்டுமா?

தூண்டிலைக் கையில் பிடிக்கும் எல்லோருக்கும் வேண்டும், பிள்ளைகள் உட்பட. உப்புநீர் லைசென்ஸை டி.எஃப்.ஓ. தளத்திலேயே வாங்கலாம். ஏப்ரல் 1 முதல் அடுத்த மார்ச் 31 வரை செல்லும். ஒரு நாள், மூன்று நாள், ஐந்து நாள் லைசென்ஸும் உண்டு. 16 வயதுக்குக் கீழே லைசென்ஸ் இலவசம். ஆனால் சால்மனை வீட்டுக்குக் கொண்டுபோக நினைத்தால் சால்மன் ஸ்டாம்ப் தனியாக வாங்க வேண்டும். அது இல்லை என்றால் பிடித்துவிட்டு விடலாம், வைத்துக்கொள்ள முடியாது. அந்த ஸ்டாம்ப் பணம் பசிபிக் சால்மன் ஃபவுண்டேஷன் மூலம் ஓடைகளைச் சீரமைக்கும் வேலைகளுக்குப் போகிறது என்பதால், கொடுப்பதில் எனக்கு மனத்தாங்கலே இல்லை.

சினூக்கை வைத்துக்கொண்டால் அந்த நிமிடமே லைசென்ஸில் பதிய வேண்டும். கரைக்கு வந்து பதியலாம் என்று விட்டவர்கள் படகுத்துறையில் அபராதம் கட்டியிருக்கிறார்கள். ஈரக் கையால் போனில் தட்டுவது சிரமம் என்றால் காகிதத்தில் அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் ஒரு பேனாவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

படகு ஓட்டுவதற்குத் தனி லைசென்ஸா?

ஆமாம். இன்ஜின் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஓட்டுபவரிடம் உல்லாசப் படகு ஓட்டுநர் அட்டை இருக்க வேண்டும். 2009 செப்டம்பரிலிருந்து எல்லா வயதினருக்கும் இது கட்டாயம். ஒரு தேர்வு எழுதினால் போதும், வாழ்நாள் முழுக்கச் செல்லும். 10 குதிரைத்திறனோ அதற்கு மேலோ உள்ள இன்ஜின் மாட்டிய படகுக்குப் பதிவு எண்ணும் வேண்டும்.

படகுகள் தமக்குள்ளும் கரையோடும் பேசும் விஎச்எஃப் ரேடியோவுக்குத் தனிச் சான்றிதழ் உண்டு. போன் இருக்கிறதே என்பார்கள். மேற்குக் கரையில் பல இடங்களில் சிக்னல் கிடையாது. 16-ஆம் சேனலில் கூப்பிட்டால் கடலோரக் காவல்படையோடு பக்கத்துப் படகுக்காரரும் கேட்பார். பெரும்பாலும் முதலில் வந்து சேர்பவர் அந்தப் பக்கத்துப் படகுக்காரர்தான்.

என்னிடம் 16 அடி அலுமினியப் படகு இருக்கிறது. போதுமா, இல்லை பெரிய படகு வாங்க வேண்டுமா?

இடத்தையும் நாளையும் பொறுத்துப் போதும். ஹவ் சவுண்டிலோ சூக் பக்கம் கரையை ஒட்டியோ, அமைதியான காலையில் 16 அடி தாராளம். அதே படகில் மேற்குக் கரையில் வெளிக்கடலுக்குப் போக நான் சம்மதிக்க மாட்டேன்.

சிறு படகுக்கு ஆபத்து அலையின் உயரத்தால் மட்டும் வருவதில்லை. காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக மோதும்போது அலை செங்குத்தாக, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு எழும்பும். ஃப்ரேசர் ஆற்று முகத்தில் சாண்ட் ஹெட்ஸ் பக்கம் வற்று நேரத்தில் ஆற்றுநீரும் சேர்ந்து வெளியே தள்ளும். அப்போது மேற்கிலிருந்து காற்று வீசினால், அரை மணி நேரத்துக்கு முன் தட்டையாக இருந்த நீர் படகுக்குள் ஏறும். ஹுவான் டி ஃபூகாவில் கோடை மதியம் மேற்குக் காற்று எழும்புவது வழக்கம். அதனால் அங்கே விடியற்காலை போய், மதியச் சாப்பாட்டுக்கு முன் கரையேறுவதுதான் பழக்கம். ஆகஸ்டில் மேற்குக் கரையில் மூடுபனி வேறு.

கனடா வானிலைத் துறையின் கடல் முன்னறிவிப்பில் காற்று 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தை எட்டினால் பலத்த காற்று எச்சரிக்கை வரும். சிறு படகுக்கு நான் 15-லேயே நிறுத்திக்கொள்வேன். கடல்மட்ட ஏற்ற இறக்க அட்டவணையையும் காற்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதி விஷயம்தான் தெரியும்.

லைஃப் ஜாக்கெட் படகில் இருந்தால் போதும்தானே, போட்டுக்கொண்டே இருக்கணுமா?

போட்டுக்கொண்டே இருங்கள். இங்கே கோடையிலும் பல இடங்களில் நீர் 10 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரில் விழுந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்று ஆராய்ந்து சொன்ன கணக்கு 1-10-1. விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது, தானாகத் திணறும். அடுத்த 10 நிமிடம்தான் கையும் விரலும் சொன்னபடி கேட்கும். உடல் குளிர்ந்து நினைவிழக்க ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும்.

அந்த முதல் நிமிடத்தில் தலை நீருக்கு மேலே இருந்தால்தான் மற்ற இரண்டுக்கும் அர்த்தம். பெட்டியில் கிடக்கும் ஜாக்கெட்டை நீருக்குள் விழுந்த பிறகு யாராலும் போட முடியாது. இன்ஜினை நிறுத்தும் சிவப்புக் கயிற்றையும் உடம்பில் மாட்டிக்கொள்ளுங்கள், குறிப்பாகத் தனியாகப் போகிறவர்கள். மிதக்கும் மரக்கட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் கடலில் அவை ஏராளம். சில கட்டைகள் நனைந்து கனத்து, செங்குத்தாக நின்று, தலை மட்டும் நீர்மட்டத்தில் தெரியும். டெட்ஹெட் என்பார்கள். விடியும் முன் வேகமாக ஓட்டாதீர்கள்.

டவுன்ரிக்கர் இல்லாமல் சால்மன் பிடிக்கவே முடியாதா?

முடியும். டவுன்ரிக்கர் என்பது 10 முதல் 15 பவுண்டு ஈயக்குண்டைக் கம்பியில் இறக்கி, அந்தக் கம்பியில் உங்கள் தூண்டில் நரம்பைக் கிளிப்பால் மாட்டி, இரையை வேண்டிய ஆழத்தில் இழுத்துக்கொண்டு போகும் கருவி. மீன் கடித்ததும் நரம்பு கிளிப்பிலிருந்து விடுபடும். அதன்பின் மீனுக்கும் உங்களுக்கும் இடையில் கனம் எதுவும் இல்லை. அதனால்தான் எல்லோரும் விரும்புகிறார்கள்.

அது இல்லாத காலத்திலும் பிடித்தார்கள், இப்போதும் பிடிக்கிறார்கள். மூச்சிங் என்பது இன்ஜினை நிறுத்தி, நீரோட்டத்தோடு மிதந்துகொண்டு, தலையைச் சாய்வாக வெட்டிய ஹெர்ரிங் மீனை ஒரு ஈயத்தோடு இறக்கி மெதுவாக ஏற்றி இறக்குவது. இரை மெல்லச் சுழல வேண்டும். ஜிக் எனும் கனமான உலோக இரையை இறக்கித் தூக்கித் தூக்கி ஆட்டுவதும் உண்டு. படகு சின்னது, கையில் பணம் அளவோடுதான் இருக்கிறது என்றால் மூச்சிங்கில் தொடங்குங்கள். சத்தமில்லாமல் இருக்கும், கடியை நேராகக் கையில் உணரலாம்.

ஃப்ளாஷர் எதற்கு? அதில் கொக்கியே இல்லையே?

ஃப்ளாஷர் மீனைக் கூப்பிடும் பலகை. நீரில் இழுக்கும்போது சுழன்று மின்னும், அதிர்வும் தரும். அதன் பின்னால் லீடர் எனும் சிறு துண்டு நரம்பில்தான் இரை வரும்.

லீடரின் நீளம் இரையைப் பொறுத்தது, பலரும் தவறவிடுவது இங்கேதான். ஹூச்சி எனும் பிளாஸ்டிக் கணவாய்க்குத் தானாக அசைவு கிடையாது. ஃப்ளாஷர் வெட்டி இழுக்கும் இழுப்பில்தான் அது உயிரோடு இருப்பதாகத் தெரியும். அதனால் லீடர் மூன்று அடியை ஒட்டி இருக்க வேண்டும். ஸ்பூன் எனும் வளைந்த உலோகத் தகட்டு இரைக்கும், பிளாஸ்டிக் தலைக்குள் மாட்டிய நெத்திலிக்கும் சொந்த அசைவு உண்டு. அவற்றுக்கு ஐந்து, ஆறு அடி விடுங்கள். படகின் ஓரத்தில் நீருக்குள் இழுத்துப் பார்க்காமல் எந்த இரையையும் கீழே அனுப்பாதீர்கள்.

எவ்வளவு ஆழம், என்ன வேகம்? சரியாக ஒரு எண் சொல்லுங்கள் அண்ணா.

தொடக்கத்துக்கு: கோஹோவுக்கு 30 முதல் 60 அடி, சினூக்குக்கு 80 முதல் 150 அடி, சாக்கைக்கு 50 முதல் 80 அடி, மிக மெதுவாக. வெயில் ஏற ஏற சினூக் ஆழத்துக்குப் போகும். குளிர்காலச் சினூக்கு என்றால் அடித்தரையை ஒட்டி இழுக்க வேண்டும். குண்டு எப்போதாவது தரையைத் தட்டினால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். டவுன்ரிக்கர் எண்ணி 100 என்று காட்டினாலும் கம்பி பின்னால் சாய்ந்திருப்பதால் உண்மை ஆழம் அதைவிடக் குறைவு என்பதை மறக்காதீர்கள்.

வேகம் 2 முதல் 3 நாட். ஆனால் ஜிபிஎஸ் காட்டுவது தரையைப் பொறுத்த வேகம். மீனுக்கும் இரைக்கும் கணக்கு நீரைப் பொறுத்த வேகம். இரண்டு நாட் நீரோட்டத்தில் அதை எதிர்த்து ஓட்டினால் ஜிபிஎஸ் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும், அப்போதும் இரை நன்றாகவே ஆடிக்கொண்டிருக்கும். கம்பியின் சாய்வையும் தூண்டில் கம்பின் நுனியையும் பாருங்கள். நுனி ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டே இருந்தால் ஃப்ளாஷர் சுழல்கிறது. தாளம் நின்றால் பாசி சிக்கியிருக்கும், அல்லது ஒரு குட்டி மீன் மாட்டிக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருக்கும். எடுத்துப் பாருங்கள்.

ஏற்ற இறக்கத்தில் எந்த நேரம் நல்லது?

நீரோட்டம் நின்று திரும்பும் நேரத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம். அது விடியலோடு சேர்ந்து வந்தால் இன்னும் நல்லது. ஓட்டம் பலமாக இருக்கும்போது முனைகளுக்குப் பின்னால் எதிர்ச்சுழலில் சிறு மீன் ஒதுங்கும், சினூக்கும் அங்கேதான் நிற்கும். கேம்பல் ரிவருக்கு மேலே சீமோர் நேரோஸ் மாதிரி இடங்களில் ஓட்டம் 15 நாட் வரை போகும். அங்கே நீர் நிற்கும் நேரம் தெரியாமல் சிறு படகைக் கொண்டுபோகவே கூடாது.

கொக்கியில் எதிர்முள் இல்லாததால் மீன் கழன்றுவிடுகிறது. என்ன செய்வது?

சால்மனுக்கு எதிர்முள் இல்லாத கொக்கி கட்டாயம். எதிர்முள் உள்ளதை வாங்கியிருந்தால் குறட்டால் நசுக்கிவிடுங்கள். பருத்தித் துணியில் குத்தி இழுத்தால் நூல் சிக்காமல் வர வேண்டும்.

மீன் கழல்வதற்குக் காரணம் பெரும்பாலும் நரம்பு தொய்வதுதான். கடி விழுந்ததும் கிளிப் விடும், வளைந்திருந்த கம்பு சட்டென்று நிமிரும். அந்தக் கணத்தில் ஓடிப்போய்க் கம்பை எடுத்து, அது திரும்ப வளையும் வரை வேகமாகச் சுற்றுங்கள். பிறகு நுனியை மேலேயே வையுங்கள். மீன் ஓடினால் விடுங்கள், நின்றால் சுற்றுங்கள். நம் பக்கம் பலரும் வாங்கும் வட்டமான ஒற்றைச் சுற்று ரீலில் மீன் ஓடும்போது கைப்பிடியும் சேர்ந்து சுழலும். விரலை அங்கே நீட்டினால் முட்டி பெயரும். கோஹோ மேலே வந்து துள்ளும், திடீரென்று படகை நோக்கியே ஓடிவரும். மீன் போய்விட்டது என்று பலரும் சுற்றுவதை நிறுத்துவது அப்போதுதான். நிறுத்தாதீர்கள்.

சினூக்கா கோஹோவா என்று எனக்கு இன்னும் குழப்பம். எப்படித்தான் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். மீனைப் படகுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, நீரிலேயே வைத்து, வாயைப் பாருங்கள். கீழ்த்தாடையில் பல் முளைக்கும் ஈறு கறுப்பாக இருந்தால் சினூக். வாய் கறுத்திருந்தும் பல்லை ஒட்டிய ஈற்றுக் கோடு வெளுப்பாக இருந்தால் கோஹோ. அடுத்தது வால். சினூக்குக்கு வாலின் மேல் பாதி, கீழ் பாதி இரண்டிலும் கறும்புள்ளி இருக்கும். கோஹோவுக்கு மேல் பாதியில் மட்டும். சினூக்குக்குத் தனியாக ஒரு கடுமையான வாடையும் உண்டு. பழகிய மூக்குக்கு அதுவே போதும்.

சாக்கைக்குக் கறும்புள்ளியே இருக்காது, கண் பெரிதாகக் கண்ணாடி போல இருக்கும். சம்முக்கும் புள்ளி இல்லை, ஆனால் வாலில் வெள்ளிக் கோடுகள் தெரியும், வால் சேரும் இடம் ஒடுங்கியிருக்கும். பிங்க்குக்கு முதுகிலும் வால் முழுதிலும் பெரிய முட்டை வடிவப் புள்ளிகள், செதில் மிகச் சிறியது. கடலில் எல்லாமே வெள்ளியாகத்தான் இருக்கும். படத்தில் பார்க்கும் சிவப்பும் பச்சையும் ஆற்றுக்குள் போனபின் வரும் நிறம், அதை நம்பிக் கடலில் அடையாளம் காண முடியாது. சந்தேகம் தீரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

முதுகில் ஒரு சின்னத் துடுப்பு இருக்கா இல்லையா என்று பார்க்கச் சொல்கிறார்களே, அது என்ன?

முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே, எலும்பில்லாத சதை நுனி மாதிரி ஒன்று இருக்கும். கொழுப்புத் துடுப்பு. பொரிப்பகத்தில் வளர்க்கும் குஞ்சுகளில் பலவற்றுக்கு அதை வெட்டிவிட்டுத்தான் ஆற்றில் விடுகிறார்கள். அந்த இடம் வழவழவென்று ஆறியிருந்தால் அது பொரிப்பகத்து மீன், துடுப்பு இருந்தால் காட்டு மீன் என்று கொள்ள வேண்டும். பல இடங்களில் துடுப்பு வெட்டிய கோஹோவை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். ஹுவான் டி ஃபூகாவில் பிடிபடும் வெட்டிய சினூக்குகளில் பல வாஷிங்டன் மாநிலப் பொரிப்பகங்களிலிருந்து வருபவை.

வெட்டிய சினூக்கு, கோஹோ தலைகளைத் தூக்கி எறியாதீர்கள். சிலவற்றின் மூக்கெலும்புக்குள் ஒரு மில்லிமீட்டர் நீளக் கம்பித் துண்டு இருக்கும். அதில் உள்ள எண்ணைப் படித்தால் எந்தப் பொரிப்பகம், எந்த ஆண்டு என்று தெரியும். துறைகளில் தலை சேகரிக்கும் பெட்டிகள் உண்டு. எத்தனை மீன் திரும்புகிறது என்ற கணக்குக்கு நாம் போடும் தலை நேரடியாக உதவுகிறது.

அளவு குறைந்த மீனைத் திருப்பி விட்டால் அது பிழைக்குமா?

நீங்கள் நடந்துகொள்வதைப் பொறுத்தது. வலையில் எடுக்காதீர்கள். வலை செதிலையும் வழவழப்பையும் உரித்துவிடும், செதில் போன சால்மன் பல நேரம் தேறாது. நரம்பை ஒரு கையில் இழுத்துப் பிடித்து, விடுவிக்கும் கம்பியைக் கொக்கியின் வளைவில் மாட்டி, மேல்நோக்கி ஒரு திருப்பு திருப்பினால் மீன் தன் கனத்தாலேயே கழன்று நீரில் விழும். மீனைத் தொடவே வேண்டாம். மூக்கு நுனியிலிருந்து வாலின் கவட்டை வரைதான் நீளம். ஜார்ஜியா நீரிணையில் சினூக்குக்கு 62 செ.மீ., மற்ற சால்மன்களுக்கு 30 செ.மீ. குறைந்தபட்சம். படகின் விளிம்பில் வெளிப்பக்கமாகக் குறி ஒட்டிவைத்தால் மீனை நீரிலேயே அளந்துவிடலாம்.

செவுளில் இரத்தம் வந்தாலும், விட வேண்டிய மீனை விட்டுத்தான் ஆக வேண்டும். சாகப்போகிறதே, எடுத்துக்கொள்ளலாமே என்ற வாதம் அதிகாரியிடம் செல்லாது. அதனால் குட்டி மீன் தொடர்ந்து கடித்தால் இடத்தையோ ஆழத்தையோ மாற்றுங்கள், பெரிய ஸ்பூன் போடுங்கள். திரும்பத் திரும்ப விடுவதை விட அதுவே மரியாதை.

ஆழத்திலிருந்து வரும் பாறை மீன் கண் பிதுங்கி, வயிறு வாய்வழியே வந்துவிடுகிறது. சால்மனுக்கு அப்படி ஆவதில்லையே, ஏன்?

சால்மனின் காற்றுப்பை தொண்டையோடு திறந்திருக்கிறது. மேலே வரும்போது காற்றை வெளியேற்றிவிடும். பாறை மீனின் பை மூடியது. அழுத்தம் குறையும்போது காற்று விரிந்து உறுப்புகளைத் தள்ளும். மேலே விட்டால் மூழ்க முடியாமல் மிதந்து சாகும். வைத்துக்கொள்ளாத பாறை மீனைப் பிடித்த ஆழத்துக்கே இறக்கிவிடும் கருவி படகில் இருக்க வேண்டும், அதைப் பயன்படுத்தவும் வேண்டும். சில பாறை மீன்கள் நூறு வயதைத் தாண்டி வாழும் என்று தெரிந்தால் அந்த ஐந்து நிமிடம் பெரிதாகத் தெரியாது.

பாறை மீன் காப்பிடங்கள் என்று கடலோரத்தில் 160-க்கும் மேற்பட்ட பகுதிகள் உண்டு. அங்கே சால்மனுக்காகத் தூண்டில் இழுப்பதும் தடை. எல்லைகளை ஜிபிஎஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். கரையைப் பார்த்து ஊகிக்க முடியாது.

ஓர்க்கா திமிங்கிலம் பக்கத்தில் வந்துவிட்டால் தூண்டிலைத் தொடரலாமா?

சுருட்டுங்கள். இங்கே உள்ள தென்பகுதி ஓர்க்காக் கூட்டத்தில் 80-க்கும் குறைவானவையே மிஞ்சியிருக்கின்றன. அவற்றின் முக்கிய உணவு நாம் தேடும் அதே சினூக்தான், அதுவும் பெரிய சினூக். ஒலியை வைத்து வேட்டையாடுவதால் நம் இன்ஜின் சத்தமும், ஒலி அனுப்பி ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரும் அவற்றுக்குத் தொல்லை. 2019 முதல் தென் கடலில் குறைந்தது 400 மீட்டர் விலகியிருக்க உத்தரவு போடப்பட்டது. தூரமும் மூடப்படும் இடங்களும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அந்தப் பருவத்து உத்தரவைப் படியுங்கள். உங்களை நோக்கி வந்தால் இன்ஜினை நியூட்ரலில் போட்டு, சவுண்டரை அணைத்து, அவை கடக்கும் வரை காத்திருங்கள்.

எங்களுக்கு மட்டும் சினூக் மூடியிருக்கிறது, ஆனால் ஆற்றில் முதற்குடியினர் வலை போடுகிறார்களே? இது நியாயமா?

இதைக் கோபத்தோடு கேட்பவர்களே அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாக. 1984-இல் மஸ்குவீம் எனும் முதற்குடி மக்களில் ஒருவரான ரொனால்ட் ஸ்பாரோ, லைசென்ஸில் அனுமதித்ததைவிட நீளமான வலை வைத்திருந்ததற்காகக் குற்றம் சாட்டப்பட்டார். வழக்கு கனடா உச்ச நீதிமன்றம் வரை போய், 1990-இல் தீர்ப்பு வந்தது. அதன்படி முதலிடம் மீன்வளப் பாதுகாப்புக்கு. அடுத்த இடம் முதற்குடியினரின் உணவு, சமூக, சடங்குத் தேவைகளுக்கான மீன்பிடிப்புக்கு. வணிகமும் நம் பொழுதுபோக்கும் அதற்குப் பிறகுதான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்த ஆற்று மீனை நம்பி வாழ்ந்தவர்களுக்கு நமக்கு முன்னால் இடம் கிடைப்பது எனக்குச் சரியாகவே படுகிறது.

மூடுவதற்குக் காரணம் மீன் குறைந்ததுதான். ஃப்ரேசரின் சினூக் இனங்கள் பல மிகவும் நலிந்துவிட்டன. போதாததற்கு 2018 கடைசியில் பிக் பார் என்ற இடத்தில் மலை சரிந்து ஆற்றை நெருக்கி, மேலே போகும் மீன்களை மறித்தது. 2019 ஜூனில்தான் அது தெரியவந்தது. அந்த ஆண்டு முதல் தென் கடலின் பல பகுதிகளில் வசந்தம் தொடங்கி ஜூலை நடு வரை சினூக்கை வைத்துக்கொள்ளத் தடை. கடலில் நம் கொக்கியில் மாட்டுவது நலிந்த ஆற்று மீனா, செழிப்பான ஆற்று மீனா என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. அதனால்தான் காலத்தையும் இடத்தையும் வைத்து மூடுகிறார்கள்.

பிடித்ததைப் படகிலேயே துண்டு போட்டு ஐஸில் வைக்கலாமா?

துண்டு போடாதீர்கள். வீடு சேரும் வரை என்ன வகை, எத்தனை, எவ்வளவு நீளம் என்று அதிகாரி பார்த்தவுடன் தெரிய வேண்டும். கொழுப்புத் துடுப்பு வெட்டிய மீன் மட்டும் அனுமதிக்கப்பட்ட இடத்தில் அந்தத் துடுப்பு இருந்த பகுதியும் தெரிய வேண்டும். குடலை எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும்.

மீன் வந்ததும் தலையில் ஒரே அடி, உடனே செவுளை அறுத்து இரத்தம் வடிய விடுங்கள். பிறகு குடலையும் முதுகெலும்பை ஒட்டிய கறுத்த இரத்தக் கோட்டையும் சுரண்டி எடுத்து, நொறுக்கிய ஐஸை வயிற்றுக்குள்ளும் அடையுங்கள். மதியம் வரை படகின் தரையில் வெயிலில் கிடந்த சாக்கையும் இப்படி வைத்த சாக்கையும் ஒரே மீன் என்று சாப்பிடும்போது நம்ப மாட்டீர்கள்.

சினூக்கை வெட்டினால் சதை வெள்ளையாக இருந்தது. கெட்டுப்போனதா?

இல்லை. அது வெள்ளைச் சினூக். இரையிலிருந்து வரும் சிவப்பு நிறமியைச் சதையில் சேர்க்காத பரம்பரை வகை. கொழுப்புக் குறைவதில்லை. சிவப்பைவிட இதையே விரும்புகிறவர்கள் உண்டு, நானும் அதில் ஒருவன்.

புதிதாகப் பிடித்ததுதானே, பச்சையாகச் சாப்பிடலாமா?

கூடாது. கடல் சால்மனில் அனிசாகிஸ் எனும் புழு சகஜம். வயிற்றுச் சதையில் சுருண்டு கிடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். மீன் புதிதாக இருப்பதால் புழு போய்விடாது. மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறைய வைத்தால் சாகும். வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டு பெரும்பாலும் அவ்வளவு குளிராது, வெப்பமானி வைத்துப் பாருங்கள். நன்றாக வேகவைத்தால் கவலையே இல்லை.

இந்த டாயீ கிளப்பில் சேர என்ன செய்ய வேண்டும்?

பணம் கட்டிச் சேர முடியாது. கேம்பல் ரிவரில் 1924-இல் தொடங்கிய கிளப் அது. ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை, ஆற்று முகத்தில் உள்ள டாயீ பூல் பகுதியில், இன்ஜின் இல்லாமல் துடுப்பு வலிக்கும் படகில், செயற்கை இரையும் எதிர்முள் இல்லாத ஒற்றைக் கொக்கியும் 20 பவுண்டுக்கு மிகாத நரம்பும் கொண்டு, 30 பவுண்டோ அதற்கு மேலோ உள்ள சினூக்கைப் பிடித்தால் உறுப்பினர் ஆகலாம். ஒருவர் துடுப்பு வலிப்பார், மற்றவர் கம்பைப் பிடிப்பார். மேலே வேகத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் அங்கே துடுப்புக்காரரின் கையில் இருக்கிறது. ஸ்பூன் சரியாக ஆடுகிறதா என்று கம்பின் நுனியைப் பார்த்தே வலிப்பார்.

நாலு பேர் போகிறோம். ஒருவருக்கு மீன் வரவில்லை என்றால் அவர் பங்கை நான் பிடிக்கலாமா? மிச்சத்தை விற்கலாமா?

இரண்டும் கூடாது. பொதுவாக ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லா வகையும் சேர்த்து நான்கு சால்மன், அதில் சினூக் இரண்டுக்கு மேல் இல்லை. பல ஏரியாக்களில் அதைவிடக் குறைவு. வீட்டு ஃப்ரீசரில் இருப்பதும் கையிருப்புக் கணக்கில் சேரும், கையிருப்பு இரண்டு நாள் அளவைத் தாண்டக் கூடாது. உங்கள் அளவு முடிந்தபின் நண்பருக்காகப் பிடிப்பது குற்றம், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும். பொழுதுபோக்கு லைசென்ஸில் பிடித்த மீனை விற்கவோ பண்டமாற்று செய்யவோ முடியாது. அன்பளிப்பாகக் கொடுக்கலாம்.

அதனால் தூண்டில் இறக்கும் முன்பே எந்தக் கம்பு யாருடையது, அடுத்த கடி யார் முறை என்று பேசிக்கொள்ளுங்கள். சினூக் என்றால் பிடித்தவர்தான் தன் லைசென்ஸில் எழுத வேண்டும். மூன்றாவது கேள்வியில் சொன்ன பேனாவை எல்லோரும் எடுக்கும்படி ஒரே இடத்தில் வையுங்கள். புதிதாக வந்தவர் கையில் முதல் கம்பைக் கொடுங்கள்.